வாயை மூடிக்கொண்டு கேட்கிற பெட்டி

எங்கள் ஊர் வெசெலியில் டெல்பர்ட் ஹ்ரூஷ்காவைப் பார்த்து யாரும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதில்லை. கேட்டால் அரைநாள் போய்விடும். முட்டிவலியில் ஆரம்பித்து, இந்த வருஷம் கோதுமையில் விழுந்த துரு நோய், மாதா கோயில் மணியில் விட்டிருக்கும் விரிசல், மேயரின் புது மீசை என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முட்டிக்கே வந்து சேர்வார். அதற்காக அவரை ஒதுக்கிவிடவும் முடியாது. ஓக்லஹோமாவின் இந்த மூலைக்குக் கேபிள் போட எந்தக் கம்பெனிக்கும் மனசு வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் கான்கிரீட் குதிர் இருக்கிறதே, பத்து மைலுக்கு அப்பாலிருந்தே தெரியுமே, அதன் உச்சியில் ரேடியோப் பெட்டிகளைக் கட்டி, வீட்டுக்கு வீடு கூரையில் ஓர் ஆண்டெனாத் தட்டை மாட்டி, காற்று வழியாக நெட் கொடுத்தவர் அவர்தான். நெட் போனால் அவரைக் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிட்டால் வருவார். வந்தால் பேசுவார். நாங்கள் இதற்குப் பழகிவிட்டோம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சுக்கு நடுவில் இடைவெளி கிடைக்காததால்தான் என்பது ஊரின் கணிப்பு. ஆனால் பெண்கள் பக்கம் பார்வையே போகாத மனிதரும் அல்ல. ஓடைப் பள்ளத்தில் பெக்கான் மரங்களுக்கு நடுவே இருக்கும் ரோஸலி குபிச்செக்கின் வீட்டுக்கு மட்டும் அவர் மாதத்தில் நாலு தடவை "தட்டைச் சரிபார்க்க"ப் போவார். மற்ற வீடுகளின் தட்டுகள் வருஷக்கணக்கில் குருவி எச்சத்தோடு நிற்கும். ரோஸலி வீட்டுத் தட்டு கண்ணாடி மாதிரி மின்னும்.

ரோஸலியின் கணவர் இறந்துபோய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. ரோஸலி அக்கார்டியன் என்கிற துருத்தி வாத்தியம் வாசிப்பார். ஞாயிறு மாலைகளில் நெப்ராஸ்காவில் முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் அக்கா பெர்னடெட்டை வீடியோவில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு போல்கா நடனப் பாட்டு வாசிப்பார். அக்கா படுத்தபடியே பாடுவார். பாட்டு ஓர் அடி பின்தங்கித்தான் வந்து சேரும். அதற்காகவே ரோஸலி கொஞ்சம் இழுத்து இழுத்து வாசிப்பார். டெல்பர்ட் கூரைமேல் நின்று, ஏற்கெனவே இறுகியிருக்கிற திருகாணியை மறுபடி இறுக்கிக்கொண்டு, கேட்டுக்கொண்டிருப்பார். அவர் வாய் மூடியிருக்கிற நேரம் உலகத்தில் அது ஒன்றுதான். அதை ரோஸலி பார்த்ததில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

இந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும். நகரத்து விமான நிலையத்துக்காக ஒரு ரேடார் சுற்றிக்கொண்டிருக்கிறது. மழையையும் காற்றையும் தரையோடு தரையாகப் பார்க்கிற ரேடார் அது. அது பேசுகிற அலைவரிசையிலேயே நெட் பெட்டியும் பேச வேண்டுமென்றால், பெட்டி முதலில் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு, ரேடார் சத்தம் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். வரவில்லையென்றால் பேசலாம். பேசிக்கொண்டிருக்கும்போது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் அந்த அலைவரிசைப் பக்கமே தலைவைக்கக் கூடாது. அரசாங்க விதி. எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு மனிதர்கூட இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

மற்ற வீடுகளுக்கு இதனால் தொல்லை இல்லை. அவை வேறு அலைவரிசைகளில் ஓடின. பள்ளத்து வீட்டுக்குத்தான் வேறு வழியில்லாமல் போயிற்று. பள்ளிக்கூடமும் வங்கியும் வான்கோழிப் பண்ணையும் மற்ற அலைவரிசைகளையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்ததால், ரேடாரோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய அந்த ஓர் அலைவரிசைதான் மிஞ்சியது. போதாக்குறைக்கு, ரோஸலியின் தட்டு சங்கத்துக் குதிர்ப் பக்கம் பார்த்து நிற்கிறது. குதிருக்கு நேர் பின்னால், தொலைவில், ரேடார் நிற்கிறது. ஆகவே அவ்வப்போது பாட்டு நடுவில் அறுந்துபோகும். அக்கா வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நிற்பார்.

ஒரு ஏப்ரல் மாதம், கசகசா வைத்த கொலாச்சி ரொட்டித் தட்டை நீட்டிக்கொண்டே ரோஸலி சொன்னார்:

"நேத்தும் நெட் போச்சு டெல்பர்ட். அது போனாலே நான்..."

"சொல்லாதே, சொல்லாதே! எனக்குத் தெரியாதா? வயிறு எரியுது எனக்கு. அக்கா பாடிக்கிட்டிருக்கும்போது இப்படிப் பண்ணினா யாருக்குத்தான் ஆத்திரம் வராது? இரு, இதுக்கு ஒரு வழி பண்றேன். போன வாரம்கூட ஒருத்தன் இணையத்துல எழுதியிருந்தான், வெளிநாட்டுப் பெட்டியாம்..."

"நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பார்த்துக்கறேன்!"

கொலாச்சியை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ரோஸலி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் ஊர் டெல்பர்ட்டால் மட்டுமே செய்ய முடிகிற காரியத்தை அவர் அந்த வாரம் செய்தார். இங்கே விற்கிற பெட்டிகளில் கேட்கிற வேலையை நிறுத்த முடியாது, பூட்டியிருக்கும். வெளிநாட்டுக்கென்று செய்த பெட்டியில் "எந்த நாடு?" என்று ஒரு கேள்வி இருக்கும். எந்த நாட்டின் பெயரைச் சொல்கிறோமோ அந்த நாட்டு விதிப்படி அது நடந்துகொள்ளும். டெல்பர்ட் அப்படி இரண்டு பெட்டிகளை வரவழைத்து, ஒன்றைக் குதிரிலும் மற்றதை ரோஸலியின் கூரையிலும் மாட்டி, ரேடாருக்குக் காதுகொடுக்கச் சொல்லாத ஏதோ ஒரு நாட்டைப் பட்டியலில் தேர்ந்தெடுத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் பெட்டிகள் யாருக்கும் காது கொடுக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தன, தங்களை மாட்டியவரைப் போலவே.

"உன் வீடு இப்ப வெளிநாடு ரோஸலி. வர்றதுக்கு நான் பாஸ்போர்ட்டு எடுக்கணும்" என்று சொல்லி அவரே சிரித்தார். ரோஸலிக்குப் புரியவில்லை. ஆனால் பாட்டு அறுவது நின்றுபோனது. அக்காவுக்குச் சந்தோஷம். டெல்பர்ட்டுக்கு ஆகாயத்தில் நடக்கிற நினைப்பு.

அதே சமயம் கௌண்டி அலுவலகத்தின் நிலவறையில் ட்வைலாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. ட்வைலாதான் எங்கள் கௌண்டியின், அதாவது மாவட்டத்தின், பேரிடர் அதிகாரி. வசந்தம் வந்தால் ரேடார் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். சுழல்காற்று வந்தால் ஊர்ச் சங்கை ஊதச் சொல்கிற பொத்தான் அவள் கையில் இருக்கிறது. அந்தத் திரையில், ரேடாரிலிருந்து புறப்பட்டு வெசெலியின் மேலாகத் தென்மேற்குக் கோடிவரைக்கும், வட்டக் கேக்கில் ஒரு துண்டு வெட்டினாற்போல, நீளமாக ஒரு பட்டை விழுந்தது. அதற்குள் மேகமும் தெரியவில்லை, வெயிலும் தெரியவில்லை. ஒரே இரைச்சல்.

"எவனோ ரேடார் காதுல கத்தறான். இந்தக் கோட்டுலதான் எங்கேயோ இருக்கான்" என்று அவள் டெல்பர்ட்டைப் பிடித்துக் கேட்டாள். கௌண்டியின் ரேடியோக்களைப் பழுதுபார்ப்பவரும் அவர்தானே. "உங்களுதா?"

டெல்பர்ட்டுக்குச் சுருக்கென்றது. "என்னுதா? சேச்சே. வான்கோழிப் பண்ணைக்காரனா இருக்கும். அவன் கேமரா மாட்டியிருக்கான் பாரு, கோழியைத் திருடறாங்கன்னு. கோழியை யாரும்மா திருடுவா..." என்று ஆரம்பித்துக் கோழித் தீவனம் வரைக்கும் போய்விட்டார். ட்வைலா காதைப் பொத்திக்கொண்டு போனாள். பண்ணைக்காரர் பாவம், கேமராக்களையெல்லாம் கழற்றிப் போட்டார். பட்டை போகவில்லை.

வேறு பெரிய ரேடார் இல்லாமல் இல்லை. ஆனால் அது நிதானமான ஆசாமி. அது வானத்தை ஒரு சுற்றுப் பார்த்து முடிப்பதற்குள் சுழல்காற்று ஊரைத் தாண்டிப் போயிருக்கும். தரையோரத்தை நிமிஷத்துக்கு ஒருதரம் பார்க்கிறது இந்தச் சின்ன ரேடார்தான். இதெல்லாம் டெல்பர்ட்டுக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அதனால் இரண்டு வாரம் அவர் ட்வைலா இருக்கிற பக்கமே போகவில்லை. நாளைக்குச் சரிபண்ணிவிடலாம், இந்த ஞாயிறு பாட்டு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். காதல் வந்த கிழவனுக்கு நாளை என்பது வெகு தூரத்தில் இருக்கிறது போலும்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் அது வந்தது. காலையிலிருந்தே காற்று ஈரத்துணி மாதிரி மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. மாலையில் மாதா கோயில் கூடத்தில் வருஷா வருஷம் நடக்கிற தொத்திறைச்சி விருந்து. ஊரே அங்கே கூடியிருந்தது. கௌண்டியின் வயர்லெஸ் கரகரக்கிறது என்று ட்வைலா ஆளனுப்பியதால், வாயில் வைத்த தொத்திறைச்சியோடு டெல்பர்ட் நிலவறைக்கு இறங்கிப் போனார். திரையைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

தென்மேற்கிலிருந்து பெரிய புயல்மேகம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் இரண்டு ஓரமும் தெரிந்தது. நடுவயிறு முழுவதும் பட்டைக்குள் இருந்தது.

"காத்து சுத்துதா சுத்தலையான்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?" ட்வைலாவின் குரல் உடைந்திருந்தது. "வண்டியில போய்ப் புயலைப் பார்க்கிற பசங்களும், மழைதான் சுவர் மாதிரி நிக்குது, உள்ளே ஒண்ணும் தெரியலைங்கறாங்க. சும்மா சும்மா சங்கு ஊதினா அடுத்த தடவை ஒருத்தரும் நம்பமாட்டாங்க. கூடத்துல குழந்தைங்கல்லாம் இருக்கு, டெல்பர்ட்."

டெல்பர்ட் தொத்திறைச்சியை மேஜைமேல் வைத்தார்.

"ட்வைலா. அது என்னுது."

"எது?"

"பட்டை. பண்ணைக்காரன் இல்ல. நான்தான்."

ட்வைலா அவரைப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். "நிறுத்துங்க. இப்பவே."

நிறுத்துவது பெரிய காரியமில்லை. அவருடைய கைப்பேசியிலிருந்தே குதிர்ப் பெட்டியை அணைத்துவிடலாம். தாய்ப்பெட்டி அடங்கினால் ரோஸலி கூரையிலிருக்கிற பெட்டியும் தானாக அடங்கிவிடும். ஆனால் பள்ளத்தில் கைப்பேசிச் சிக்னல் கிடையாது. ரோஸலியின் போனும் அந்தப் பெட்டி வழியாகத்தான். ஊர்ச் சங்கு அங்கே கேட்காது. மேகத்தின் நடுவயிறு பள்ளத்துக்கு நேரே வந்துகொண்டிருக்கிறது. பெட்டியை அணைத்தால் ரோஸலிக்குச் சேதி சொல்ல உலகத்தில் வழியே இல்லை.

"ஒரே ஒரு போன். அவளைக் கூப்பிட்டுடறேன்."

கூப்பிட்டார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மடியில் அக்கார்டியன், திரையில் அக்கா. போன் சமையலறையில் கிடந்து கத்தினாலும் அவருக்குக் கேட்காது. டெல்பர்ட் மறுபடி கூப்பிட்டார். நெற்றியிலிருந்து வேர்வை திரையில் சொட்டியது.

"எடு, எடு, எடு ரோஸலி. ஒரு தடவை எடுத்துடு தாயே."

"டெல்பர்ட்!" ட்வைலா கத்தவில்லை, கெஞ்சினாள். "கூடத்துல என் பொண்ணும் இருக்கா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு அணைத்தார். உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார். அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர் எங்களிடம் சுருக்கமாகத்தான் சொன்னார்.

ரேடார் அடுத்த சுற்று வந்தது. பட்டை துடைத்துவிட்டாற்போல மறைந்தது. அது மறைத்துவைத்திருந்த இடத்தில் தூண்டில்முள் மாதிரி ஒரு கொக்கி வளைந்து நின்றது, சுழல்காற்றின் அடையாளம். ஊருக்குத் தென்மேற்கே, பள்ளத்துக்கு வெகு அருகில். ட்வைலா பொத்தானை அழுத்தினாள். மேலே சங்கு ஊத ஆரம்பிக்கும்போது டெல்பர்ட் படியில் பாதி ஏறியிருந்தார்.

"எங்கே போறீங்க? வெளியே போகாதீங்க! பைத்தியமா உங்களுக்கு?"

"ஆமா" என்றார்.

ஊரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு அடித்தளத்துக்கு ஓடினோம். காற்று கூடத்தின் கூரையையும் மேஜைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. தொத்திறைச்சி அடுத்த கௌண்டியில் விழுந்ததாகக் கேள்வி. அடித்தளத்தில் ஒருவருக்கும் கீறல் இல்லை. சங்கு கொஞ்சம் தாமதித்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

டெல்பர்ட்டின் பிக்கப் வண்டி ஆலங்கட்டி மழைக்குள் புகுந்து, கண்ணாடி உடைந்து, ஊர் எல்லையில் ஒரு சாக்கடைக் குழியில் சாய்ந்து நின்றது. பாலத்துக் குழாய்க்குள் குப்புறப் படுத்து அவர் உயிர்தப்பினார். காற்று கடந்ததும் எழுந்து ஓடினார். முட்டிவலி ஞாபகத்துக்கே வரவில்லை. பெக்கான் மரங்கள் வேரோடு சாய்ந்து வழியை அடைத்துக் கிடந்தன. அவற்றின்மேல் ஏறி இறங்கிப் போய்ப் பார்த்தால், ரோஸலி வீட்டுக்குக் கூரை இல்லை. டெல்பர்ட் அத்தனை நாளும் துடைத்துவைத்த தட்டு, ஒரு கிளையில் வயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

"ரோஸலி!" என்று கத்தினார். குரல் வந்ததோ இல்லையோ அவருக்கே தெரியவில்லை. முற்றத்து நிலவறைக் கதவின்மேல் ஒரு பெரிய கிளை விழுந்திருந்தது. இழுத்தார், தள்ளினார், அழுதார், கையெல்லாம் ரத்தம். கிளை நகர்ந்தது. கதவு உள்ளிருந்து திறந்தது.

ரோஸலி படியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அக்கார்டியன் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் இந்தக் கத்தல் கத்தறே? நான் என்ன செவிடா?"

டெல்பர்ட் அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தார். "நீ எப்படி... போன் எடுக்கலையே... உனக்கு யார் சொன்னா?"

"உன் நெட்டுதான். பாட்டுக்கு நடுவுல பட்டுன்னு போச்சு. போனதும் எழுந்து வந்துட்டேன்."

"நெட்டு போனா எதுக்கு எழுந்து வரணும்?"

"அதைத்தானேய்யா அன்னிக்குச் சொல்ல வந்தேன்! சொல்ல விட்டியா நீ?" ரோஸலிக்குக் கோபம் வந்துவிட்டது. "அஞ்சாறு வருஷமாப் பார்க்கறேன். வானம் நல்லா இருந்தா நெட்டு நல்லா இருக்கும். எங்கேயாவது பெரிய மழை கிளம்பினா அது போயிடும். எனக்குச் சங்கு கேட்காது, நெட்டு போறதுதான் எனக்குச் சங்கு. அது போனாலே நான் வானத்தைப் பார்ப்பேன், கறுப்பா இருந்தா உள்ளே இறங்கிடுவேன். இந்த ஒரு மாசமா அது போகவே இல்ல. சரி, வானம் சாதுவாயிடுச்சு போலன்னு நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்!"

டெல்பர்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. வானம் தெளிவாக இருந்தால் அந்த ரேடார் மேலே மேலே சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். புயல் கிளம்பினால் தரையோரமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கும்; அப்போதுதான் அதன் சத்தம் பெட்டியின் காதில் பலமாக விழும். பெட்டி வாயை மூடிக்கொள்ளும். இவ்வளவும் அவருக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் பக்கத்தில் ஒருத்தி அதை வைத்தே உயிர்பிழைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியவில்லை. உபகாரம் செய்கிறேன் என்று அவள் சங்கைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் பெட்டி, பட்டை, பண்ணைக்காரர்மேல் போட்ட பழி, போன், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அணைத்தது. ரோஸலி குறுக்கே பேசாமல் கேட்டார். மழை தூற ஆரம்பித்தது.

"பழைய பெட்டியைக் கொண்டுவந்து மாட்டு" என்றார் கடைசியில். "வாயை மூடிக்கிட்டுக் கேக்குமே, அதை."

"பாட்டு அறுந்துபோகுமே ரோஸலி."

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. அக்காவும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்குவா. நாளைக்கே அரசாங்கத்துல போய் நீயே சொல்லு, கொடுக்கிறதை வாங்கிக்க. பண்ணைக்காரன் கிட்டயும் போ."

"போறேன்."

"அந்தப் பெட்டி எப்படிப் பண்ணும்னு சொன்னே? நூறு தடவை சொல்லியிருக்கே, இன்னொரு தடவை சொல்லு."

"முதல்ல... காது கொடுக்கும். வேற யாராவது பேசறாங்களான்னு பார்க்கும். யாரும் இல்லேன்னா, அப்புறம்தான் பேசும்."

ரோஸலி சுற்றிலும் பார்த்தார். சாய்ந்த மரங்கள், கூரையில்லாத வீடு, ஈரமான வெளிச்சம். அக்கார்டியனைக் கழற்றிப் படியில் வைத்தார்.

"இங்கே யாரும் இல்ல டெல்பர்ட். பேசு. கூரைமேல நின்னு என்னத்தைடா கேக்கறான் இவன், எப்பத்தான் சொல்லுவான்னு எத்தனை வருஷமா நானும் காத்துக்கிட்டிருக்கேன்."

டெல்பர்ட் வாயைத் திறந்தார். மூடினார். கோதுமையில்லை, மணியில்லை, மேயரின் மீசையில்லை. ஒன்றும் கைகொடுக்க வரவில்லை. ஒரு நிமிஷம் முழுசாகப் போயிருக்கும்.

"உன் வீட்டுக்குக் கூரை போயிடுச்சு" என்றார். "என் வீட்டுக்கு இருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ரோஸலி எழுந்தார்; வீட்டுக்குள் போய்த் துணிமணி எதையும் தேடவில்லை. அக்கார்டியனை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். டெல்பர்ட் ஹ்ரூஷ்கா தன் ஆயுளில் பேசிய பேச்சிலேயே சின்னது அதுதான் என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் எங்கள் ஊரில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ரோஸலி சொல்வதால் நம்புகிறோம்.